எரிந்த டாங்கிக்கு ஒரு சிறு அட்டை

எரிந்த டாங்கி செய்யும் நண்பர்களுக்கு,



போன மாடல் காட்சியன்று மதியம் சாப்பிடப் போகாமல் மேசை மேசையாகச் சுற்றிக்கொண்டிருந்தவன் நான்தான். கையில் பேனா டார்ச், மூக்கு நுனியில் வெள்ளெழுத்துக் கண்ணாடி, உங்கள் டயோரமாக்களுக்குள் பாதித் தலை. "பெரியவர் குத்தம் கண்டுபிடிக்கக் கிளம்பிட்டாரு" என்று யாரோ சிரித்தது காதில் விழுந்தது. வருத்தமில்லை, எனக்கு அந்தப் பேர் உண்டு. ஆனால் அன்று நான் எண்ணிக்கொண்டிருந்தது குற்றங்களை அல்ல, சிதைந்த வண்டிகளை. பதினொன்று இருந்தன. டி-72 நான்கு, ஷெர்மன் மூன்று, பாந்தர் இரண்டு, டி-34 ஒன்று, எம்113 ஒன்று. பதினொரு பேரிடமும் ஒரே கேள்விதான் கேட்டேன்: "உள்ளே இருந்தவங்க என்ன ஆனாங்க?"

ஒருவரிடம்தான் பதில் இருந்தது. மூன்று பேர் "ஃபிகர் வைக்கலை சார், வண்டி மட்டும்தான்" என்றார்கள். ஒரு தம்பி, அபாரமான கை அவருக்கு, "ரெஃபரன்ஸ் படத்துல அது இல்லையே அங்கிள்" என்றார். மற்றவர்கள் சிரித்துச் சமாளித்தார்கள். அந்தத் தம்பியின் துருவைப் போல என்னால் இருபது வருடத்தில் ஒருமுறைகூடப் போட முடிந்ததில்லை. ஆனால் அவருடைய டி-72 எதனால் எரிந்தது என்று அவருக்கே தெரியவில்லை. தெரியாததால் அத்தனை அழகான துருவும் தப்பான இடத்தில் உட்கார்ந்திருந்தது. அதைச் சொல்லத்தான் இந்த மடல். உங்களிடம் கேட்க ஒன்றும் இருக்கிறது. அதற்கு முன் கொஞ்சம் தொழில் பேசிக்கொள்வோம்.

நான் முதன்முதலில் சிதைத்த வண்டி ஒரு ஷெர்மன், தாமியாவின் 1/35 கிட். மெழுகுவத்தி ஏற்றிப் பக்கவாட்டைச் சுடரில் காட்டினேன். பிளாஸ்டிக் இளகி வெல்லப்பாகாக வழிந்தது. வீடு முழுக்க நாற்றம், இரண்டு நாள் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. (அந்தப் புகையை மூச்சில் இழுக்காதீர்கள். மொட்டை மாடியில் செய்தாலும் வேண்டாம்.) வழிந்ததன் மேல் கறுப்பும் ஆரஞ்சும் அடித்து, பெருமையாகக் கொண்டுபோய் வைத்தேன். லேத் பட்டறை வைத்திருந்த ஒரு நண்பர் பார்த்துவிட்டு, "இது இரும்பா, ஐஸ்கிரீமா?" என்றார். அவ்வளவுதான், என் பெருமை இறங்கிவிட்டது. ஷெர்மனின் பக்கவாட்டு 38 மில்லிமீட்டர் உருக்கு. அது உருகி ஓட ஏறத்தாழ 1,500 டிகிரி வேண்டும். பெட்ரோலும் எண்ணெயும் வெடிமருந்தும் சேர்ந்து எரிந்தாலும் கவசத் தகடு பாகாக வழியாது. கனத்த தகடு வெல்டிங் விட்ட இடத்தில் பிளக்கும், வெடிப்பு விடும், பெயர்ந்து விழும். கிழிவதும் சுருள்வதும் மட்கார்டு, சாமான் பெட்டி மாதிரியான மெல்லிய தகடுகள்தாம். அவற்றை பிளாஸ்டிக்கில் செய்யவே செய்யாதீர்கள். குளிர்பான டின்னை வெட்டி வளைத்துப் பாருங்கள், ஒரே நிமிடத்தில் வித்தியாசம் தெரியும்.

தீ எதைத் தின்னும் என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. முதலில் ரப்பர் போகும். ரோடு வீலைச் சுற்றியிருந்த டயர் எரிந்து வெறும் வளையம் மிஞ்சும். சக்கரத்தின் விட்டம் குறைவதால் டிராக் தளர்ந்து தொங்கும். பாந்தர், டி-72 மாதிரி டார்ஷன் பாரில் நிற்கும் வண்டியானால், சூட்டில் பாரின் முறுக்கு செத்து வண்டி அப்படியே வயிற்றில் உட்கார்ந்துவிடும். போன காட்சியில் நான் பார்த்த பதினொன்றில் எட்டு, உள்ளும் புறமும் கரிந்து துருப்பிடித்த பிறகும் புது ரப்பரோடு ஷோரூமில் நிற்கிற மாதிரி நிமிர்ந்து நின்றன. இது கைத்திறமைக் குறைவு இல்லை. எரிவதை யாரும் மனதில் ஒருமுறை ஓட்டிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

எம்113 செய்த நண்பருக்குத் தனியாக ஒரு வார்த்தை. அந்த வண்டியின் உடம்பு அலுமினியம். 660 டிகிரி வாக்கில் உருகிவிடும் உலோகம். அது துருப்பிடிக்காது. உங்கள் மெழுகுவத்தி ஆசையைத் தீர்த்துக்கொள்ள ஏற்ற வண்டி அது ஒன்றுதான். முழுக்க எரிந்த எம்113-இல் மேல்பாதி இறங்கித் தரையில் வெள்ளிக் குட்டையாக உறைந்திருக்கும். நடுவே எஞ்சினும் டிராக்கும், உருக்கானதால், உருவம் குலையாமல் துருவேறிக் கிடக்கும். ஈயக்கம்பியை உருக்கி ஊற்றினால் அந்தக் குட்டை கச்சிதமாக வரும். நீங்களோ முழு உடம்புக்கும் ஆரஞ்சு அடித்திருந்தீர்கள்.

ஓட்டைகள். ராக்கெட் குண்டு கவசத்தைத் துளைத்த இடம் பார்க்கச் சாதுவாக இருக்கும், சுண்டுவிரல் கனத்துக்கு ஒரு துளை. 1/35 அளவில் அது ஊசி முனை. மூன்று மில்லிமீட்டர் பிட்டை வைத்துத் துளைத்துவிட்டு ஆர்.பி.ஜி. என்று சொன்னீர்களானால், நிஜத்தில் அது 105 மில்லிமீட்டர் ஓட்டை. எதிரே நின்றது ராக்கெட்காரன் இல்லை, இன்னொரு டாங்கி என்று அர்த்தம். ஒரு ட்ரில் பிட்டில் கதையே மாறிவிடுகிறது.

அப்புறம் தரை. நம்மில் பலருக்கு வண்டி முடிந்ததும் சலித்துவிடுகிறது. மண்ணைத் தூவி, இரண்டு செங்கல் போட்டு முடித்துவிடுகிறோம். 1971 டிசம்பரில் லோங்கேவாலா பாலைவனத்தில் இந்திய விமானப்படையின் ஹண்டர்கள் பாகிஸ்தான் டாங்கிகளைத் துரத்தியபோது மேலிருந்து எடுத்த படங்களைத் தேடிப் பாருங்கள். மணலில் டிராக் தடங்கள் வளைந்து, திரும்பி, தன் தடத்தையே வெட்டிக்கொண்டு ஓடுகின்றன. நிழல் தர ஒரு மரம் இல்லாத வெளியில், தலைக்கு மேலே இருப்பதிடமிருந்து தப்ப ஓட்டுநர் ஸ்டியரிங் லீவரை இழுத்த ஒவ்வொரு இழுப்பும் அந்த மணலில் இருக்கிறது. வண்டியே வைக்காமல் அந்தத் தடத்தை மட்டும் ஒருவர் செய்து வைத்தால் நான் முதல் பரிசு கொடுப்பேன். நடுவர்கள் கொடுக்க மாட்டார்கள், அது வேறு விஷயம்.

ஷெர்மன்காரர்களே, உங்களுக்குக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் நானும் உங்களில் ஒருவன். சிகரெட் லைட்டர் மாதிரி பற்றிக்கொள்ளும் வண்டி என்று அதற்குக் கெட்ட பேர். பழி பெட்ரோல் மேல் விழுந்தது. உண்மையான குற்றவாளி குண்டு அடுக்கு. முதலில் வந்த ஷெர்மன்களில் குண்டுகளை டிராக்குக்கு மேலே, பக்கவாட்டிலேயே அடுக்கியிருந்தார்கள். அந்த இடத்துக்கு நேராக வெளியே கூடுதல் தகடு ஒட்டியிருப்பதை நம் கிட்களிலும் பார்த்திருப்பீர்கள். 1944-இல் அடுக்கைத் தரைத்தளத்துக்கு இறக்கி, சுற்றிலும் நீர் நிறைந்த உறை வைத்தார்கள். 1945-இல் அமெரிக்க ராணுவம் கணக்கெடுத்தபோது, துளைபட்ட பழைய ரக ஷெர்மன்களில் 60 முதல் 80 சதவீதம் எரிந்திருந்தன, நீருறை வைத்தவற்றில் 10 முதல் 15 சதவீதம்தான். ஆக, உங்கள் கிட் எந்த ரகம் என்று பெட்டியைத் திருப்பிப் பார்ப்பது வெறும் சரித்திரப் பித்து இல்லை. ஐந்து பேர் வெளியே வர எத்தனை விநாடி கிடைத்தது என்பதே அதில்தான் இருக்கிறது.

டி-72-உம் அப்படித்தான். டரெட் பத்தடி தள்ளித் தலைகீழாகக் கிடக்கிற மாதிரி செய்வது இப்போது மோஸ்தர். நான்கில் மூன்று அப்படி இருந்தன. ஏன் அப்படிப் பறக்கிறது? தானாகக் குண்டு நிரப்பும் இயந்திரத்தின் வட்டத் தட்டில் 22 குண்டுகள், டரெட்டில் உட்காரும் இருவரின் காலடியில் இருக்கின்றன. அது பற்றினால் பன்னிரண்டு டன் கனமுள்ள தலை குக்கர் வெயிட் மாதிரி எகிறும். அந்தத் தலைக்குள் கமாண்டருக்கு ஓர் இருக்கை, கன்னருக்கு ஓர் இருக்கை. தலைகீழாகக் கிடக்கும் டரெட்டின் அடிவளையத்துக்குப் பற்களெல்லாம் செதுக்கி வைத்த நண்பரே, அந்த இரண்டு இருக்கைகள் எங்கே போயின என்று உங்களைக் கேட்டேன். "வெடிச்சுப் போச்சு" என்றீர்கள். சரியான பதில்தான். ஆனால் சொல்லி முடித்ததும் உங்கள் முகம் ஒரு கணம் மாறியதையும் பார்த்தேன். அந்த ஒரு கணத்தை நம்பித்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இனி என் கதை. துரு படிக்க நான் போகும் பள்ளிக்கூடம் காவல் நிலைய வாசல். வழக்கில் பிடித்து வைத்த வண்டிகள் வருடக்கணக்கில் மக்கிக் கிடக்குமே, அங்கே. ஆனால் மழைத்துருவும் தீத்துருவும் ஒன்றில்லை. மழைத்துரு கீழிருந்து ஏறும், தண்ணீர் தேங்கும் மூலையில் தொடங்கும், பெயின்டைக் கொப்புளமாக்கித் தூக்கும். தீத்துரு அப்படிக் காத்திருப்பதில்லை. பெயின்ட் முழுதும் எரிந்து இரும்பு அம்மணமாக நிற்பதால், ஒரு பனி, ஒரு தூறல் போதும், சில நாளில் எல்லாப் பக்கமும் ஒரே சீராக மஞ்சள்பொடி கலந்த செங்கல் நிறம் படர்ந்துவிடும். தீ உக்கிரமாக இருந்த இடத்தில் கறுப்புகூட இருக்காது, வெளுத்த சாம்பல் பூத்திருக்கும். கரி படிவது அதன் ஓரங்களில், புகை மட்டும் போன வழியில். இதையெல்லாம் நேரில் பார்க்க எனக்கு ஒரு வாய்ப்பு வந்தது. ஆறேழு வருடம் முன்பு, பைபாஸ் ஓரத்துக் காவல் நிலையத்தில், எரிந்து பத்து நாளான ஓர் ஆம்னி வேன்.

அனுமதி கேட்டு, சுற்றிச் சுற்றிப் படமெடுத்துக்கொண்டிருந்தேன். குனிந்து, சக்கர வளையத்துக்கு அடியில், இருக்கைச் சட்டத்தின் ஸ்பிரிங்குகளை. நிறம் அப்படி ஒரு நிறம். ஒரு பெண் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை. "இன்சூரன்ஸ்காரருங்களா சார்?" என்றார். "இல்லம்மா, சும்மா" என்றேன். வேறென்ன சொல்ல? பொம்மை செய்வதற்கு என்றா? அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. முன்சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவி ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸை எடுத்தார். சூடு ஏறிய எவர்சில்வர் வைக்கோல் மஞ்சளில் தொடங்கி, செம்பாகி, ஊதாவாகி, ஓரத்தில் மயில்கழுத்து நீலத்தில் முடியும். மூடி திறக்கவில்லை, ஒட்டிக்கொண்டிருந்தது. கிளியர் ஆரஞ்சு மெல்லிசாக அடித்து அதன் மேல் கிளியர் ப்ளூ ஓட்டினால் இந்த நிறம் வரும் என்று என் மண்டை கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது அவர் சொன்னார், "காலைல நான்தான் கட்டிக் குடுத்தேன்."

அன்று எடுத்த படங்களை நான் அழிக்கவில்லை. துருவுக்கு அவற்றைவிட நல்ல படம் என்னிடம் இல்லை, இன்றைக்கும் அவற்றைப் பார்த்துத்தான் நிறம் கலக்கிறேன். என்னைப் பரிசுத்தமானவனாகக் காட்டிக்கொள்ள இதைச் சொல்லவில்லை. அந்த நிறத்தின் சொந்தக்காரர் யாரென்று எனக்குத் தெரியும், அவ்வளவே. தெரிந்த பிறகு நான் செய்யும் வண்டிகளில் ஏதோ மாறியது. என்ன என்று கேட்டால் பிரஷைக் காட்டிச் சொல்லத் தெரியாது. வேகம் குறைந்தது. வருடத்துக்கு நான்கு வண்டி செய்தவன் ஒன்று செய்கிறேன்.

நமக்கு முன்னே இதே வேலையை நிஜ அளவில் செய்தவர்கள் இருந்திருக்கிறார்கள், மறுதிசையில். அமெரிக்க 3-ஆம் கவசப் பிரிவில் அடிபட்ட டாங்கிகளை மீட்டுச் சீர்செய்யும் வேலையில் இருந்த பெல்டன் கூப்பர் என்ற அதிகாரி 1998-இல் 'டெத் ட்ராப்ஸ்' என்று தன் அனுபவத்தை எழுதினார். அவருடைய டாங்கிக் கணக்குகளோடு சண்டை போடும் ஆய்வாளர்கள் உண்டு. நான் சொல்ல வருவது வேறு. துளைபட்ட ஷெர்மன் பட்டறைக்கு வரும். துளையை அடைக்க வெல்டர் இருக்கிறார். அதற்கு முன் உள்ளே இறங்கிக் கழுவ வேண்டும். கிருமிநாசினி போட்டுத் தேய்த்த பிறகும் வாடை போகாது, உட்புறம் முழுக்க மறுபடி வெள்ளை பெயின்ட் அடிப்பார்கள். அதே வண்டியில் புதிதாக வந்த பையன்கள் ஏறுவார்கள். முழுக்க எரிந்த வண்டிக்கு இந்தப் பாக்கியமும் இல்லை. சூட்டில் கவசத்தின் கடினம் கெட்டுவிடுவதால் அது பழுதுபார்க்க லாயக்கற்றது. அதனால்தான் விழுந்த வண்டி பற்றி எரியும்வரை எதிரி சுட்டுக்கொண்டே இருந்தான். வயல்வெளியில் விட்டுவிட்டுப் போன, நாம் படத்தில் பார்த்து ஆசைப்படுகிற துருவேறிய கூடுகள் பெரும்பாலும் அந்த வகை. எந்த வண்டியை நாம் தேர்ந்தெடுக்கிறோம் என்று தெரிந்துதான் தேர்ந்தெடுக்கிறோமா?

பாந்தர் இரண்டில் ஒன்று கொலோன் தேவாலயத்து முன் நின்ற பாந்தர். செய்தவர்தான் எனக்குப் பதில் சொன்ன ஒரே ஆள். அவருக்கு அது சுலபம் என்பீர்கள், ஏனென்றால் அந்த வண்டியின் சாவு படச்சுருளில் இருக்கிறது. 1945 மார்ச் 6. அந்தப் பாந்தர் ஒரு ஷெர்மனை அடித்திருந்தது. அந்த ஷெர்மனின் கமாண்டர் ஒரு காலை இழந்து வெளியே சாய்வதும் அதே படத்தில் இருக்கிறது, அவர் பிழைக்கவில்லை. பிறகு பக்கத்துத் தெருவிலிருந்து வந்த அமெரிக்க டாங்கி, பெர்ஷிங், மூன்று குண்டு போட்டது. பாந்தரிலிருந்து ஆட்கள் குதித்து ஓடுகிறார்கள், தீ எழுகிறது. படம் எடுத்தவர் ஜிம் பேட்ஸ். பெர்ஷிங்கின் கன்னர் கிளாரன்ஸ் ஸ்மோயர் அந்த நாளைச் சுமந்துகொண்டு வாழ்ந்து, 2013-இல் கொலோனுக்கே திரும்பிப் போய், அன்று எதிர்த்தரப்பில் வேறொரு டாங்கியில் இருந்த ஜெர்மன்காரரைச் சந்தித்தார். நம் நண்பரின் டயோரமாவில் ஃபிகர் ஒன்றுகூட இல்லை. கமாண்டர் ஹேட்ச் திறந்திருந்தது, இன்னொன்று மூடியிருந்தது. ஏன் என்று கேட்டதற்கு அவர் படச்சுருளை விநாடி விநாடியாகச் சொன்னார். பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை, துரு போதவில்லையாம். அன்றே எரிந்த வண்டிக்குத் துரு எங்கிருந்து வரும் என்று நான் நடுவரோடு வாதாடியதும் உங்களில் சிலருக்கு நினைவிருக்கும்.

நம் பக்கத்திலேயே ஒன்று சொல்கிறேன். 1971 டிசம்பர் 16, பசந்தர் போர். 17 பூனா ஹார்ஸின் அருண் கேத்ரபாலுக்கு வயது 21. செஞ்சூரியன் டாங்கி, பேர் ஃபமகுஸ்தா. வண்டியில் தீப்பிடித்தது, வெளியேறு என்று ஆணை வந்தது, அவர் வெளியேறவில்லை. பரம்வீர் சக்ரா அவர் இறந்த பிறகு வந்தது. இதுவரை எல்லாருக்கும் தெரியும், கிட்டின் பெட்டி மேல் ஒட்டுமளவு தெரியும். முப்பது வருடம் கழித்து, 2001-இல், அருணின் தந்தை பிரிகேடியர் எம்.எல். கேத்ரபால், 81 வயதில், தான் பிறந்த சர்கோதாவைப் பார்க்கப் பாகிஸ்தான் போனார். லாகூரில் அவரைத் தன் வீட்டில் தங்கவைத்து உபசரித்தவர் பிரிகேடியர் குவாஜா முகமது நாசர். கிளம்புவதற்கு முன்னிரவு நாசர் அவரிடம், உங்கள் மகனை எதிர்த்து நின்றவனும் அவர் சாகக் காரணமானவனும் நான்தான் என்று சொன்னார். ஃபமகுஸ்தா இன்று அகில்யாநகரில் (பழைய அகமத்நகர்) நிற்கிறது. அதை முழுக்கத் துருவேற்றி யாராவது செய்திருந்தால், தவறு. அதைவிட, ஃபமகுஸ்தாவைச் செய்யும்போது லாகூர் வீட்டின் அந்த இரவும் கொஞ்சம் தெரிந்திருந்தால், டரெட்டில் ஓட்டை போடும் கை ஒரு நிமிடம் நிற்கும். நிற்கட்டும் என்கிறேன்.

டொரண்டோவிலிருந்து ஒரு நண்பர், அவரும் நம்மாள்தான், ஆனையிறவு புல்டோசரைச் செய்யப்போவதாக எழுதியிருந்தார். ஏ9 சாலையோரம் இன்றும் நிற்கிறதே, புலிகளின் தகடு வேய்ந்த புல்டோசர், அது. 1991 ஜூலையில் அதன் மேல் ஏறிக் கையெறி குண்டோடு மாண்ட இலங்கை ராணுவ வீரர் காமினி குலரத்னவின் நினைவாக வைத்திருக்கிறார்கள். போகிற வருகிற பஸ்களெல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போகும். உள்ளே உட்கார்ந்து ஓட்டியவர்களுக்கும் வீடு இருந்திருக்கும். நண்பருக்கு நான் எழுதியது இதுதான்: செய்யுங்கள், ஆனால் பக்கத்தில் எழுதும்போது ஏறியவரையும் எழுதுங்கள், உள்ளே இருந்தவரையும் எழுதுங்கள். இரண்டில் ஒன்றை மட்டும் எழுதுவதானால் செய்யவே வேண்டாம். அவர் இன்னும் பதில் போடவில்லை. கோபமாகவும் இருக்கலாம்.

உங்களுக்கும் கோபம் வரும் என்று தெரியும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் நிம்மதியாக உட்கார்ந்து பசை ஒட்டுகிறவனை எதற்கு எழவு வீட்டுக்கு இழுக்கிறீர்கள் என்பீர்கள். நியாயம்தான். பொழுதுபோக்கு பொழுதுபோக்காகவே இருக்கட்டும். பளபளவென்று அணிவகுப்பில் நிற்கும் டாங்கி செய்யுங்கள், சேற்றில் புதைந்த ஜீப் செய்யுங்கள், நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். எரிந்த வண்டியை எடுத்தால் மட்டும்தான் என் கேள்வி. ஏனென்றால் அங்கே நாம் செய்து காட்டுவது வண்டியை இல்லை, ஒரு சம்பவத்தை.

உள்ளே இருந்தது நாஜி, அவனுக்கு எதற்குக் கண்ணீர் என்றும் ஒருவர் கேட்டார். கண்ணீர் கேட்கவில்லை ஐயா, கணக்குக் கேட்கிறேன். 2023 பிப்ரவரியில், கீவ் அருகே சிதைந்த ரஷ்ய டி-72 ஒன்றை பெர்லினில் ரஷ்யத் தூதரகத்துக்கு எதிரே கொண்டுவந்து நிறுத்தினார்கள். சிலர் அதன் மேல் ரோஜாக்கள் வைத்தார்கள், அதைச் சுற்றி வாய்த்தகராறு நடந்தது. யார் பக்கம் நியாயம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை, படையெடுத்து வந்த வண்டி அது. ஆனால் அங்கே சண்டை போட்ட இரு தரப்பும் அது வெறும் இரும்பில்லை என்று தெரிந்துகொண்டுதான் போட்டார்கள். நம் மேசையில் அந்தச் சண்டைகூட வருவதில்லை. "செம துரு ப்ரோ" என்று தோளில் தட்டிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விடுகிறோம்.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பிணம் வைக்கச் சொல்லவில்லை. ஹேட்சில் எலும்புக்கூடு தொங்கவிடுவதை நான் அடியோடு வெறுக்கிறேன், அது பேய்ப்படம். ரத்தச் சிவப்பும் வேண்டாம். முடிந்தால் ஒரு ஹேட்சைத் திறந்தும் ஒன்றை மூடியும் வையுங்கள், எது ஏன் என்று உங்களுக்குத் தெரிந்தால் போதும்.

சரி, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். வரும் காட்சியில் சிதைந்த வண்டி வைக்கும் ஒவ்வொருவரும் பக்கத்தில் ஒரு சிறு அட்டை வைக்க வேண்டும். விசிட்டிங் கார்டு அளவு போதும். அதில் என்ன வண்டி, எந்த இடம், எந்த நாள், எது தாக்கியது, உள்ளே எத்தனை பேர், எத்தனை பேர் வெளியே வந்தார்கள் என்று எழுதுங்கள். தெரியாததைத் தெரியவில்லை என்று எழுதுங்கள், அதில் வெட்கமே இல்லை. தேடிய பிறகு அப்படி எழுதினால் போதும். கற்பனைக் காட்சியானால் கற்பனை என்றே போடுங்கள், ஆனால் ஆள் கணக்கு அதிலும் வேண்டும். ஷெர்மன் என்றால் ஐந்து பேர், டி-72 என்றால் மூன்று பேர். கற்பனை வண்டி என்பதால் யாரும் ஓட்டாமல் வந்துவிடாது. நடுவர்களிடமும் பேசியிருக்கிறேன். அட்டைக்கு மார்க் இல்லை, அட்டை இல்லாவிட்டால் கழிவும் இல்லை என்கிறார்கள். சட்டம் போட்டு வாங்கும் அட்டை எனக்கும் வேண்டாம். உங்களிடம் கேட்டு வாங்குவதுதான் முறை என்று தோன்றியதால் இந்த மடல்.

தமிழில் எழுதுங்கள், ஆங்கிலத்தில் எழுதுங்கள், கையெழுத்து கோழி கிளறினது மாதிரி இருந்தாலும் பரவாயில்லை. அச்சடிக்க வசதியில்லாதவர்கள் வெள்ளை அட்டையும் பேனாவும் என்னிடம் வாங்கிக்கொள்ளலாம், நான் வாசல் பக்கத்து முதல் மேசையில் எட்டரை மணிக்கே இருப்பேன். அந்த வெல்லப்பாகு ஷெர்மனையும் பரணிலிருந்து இறக்கி வைத்திருக்கிறேன், அதுவும் மேசைக்கு வரும், சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். அதற்கு அட்டை எழுத மூன்று ஞாயிறாக உட்கார்கிறேன். பக்கவாட்டில் கூடுதல் தகடு இருக்கிறது, எனவே பழைய அடுக்கு. இடமும் நாளும் அன்று நான் யோசிக்கவே இல்லை, ஆகவே கற்பனை என்று போட்டாயிற்று. உள்ளே ஐந்து பேர் என்று எழுதியாயிற்று. வெளியே எத்தனை பேர் என்ற இடத்தில் பென்சிலால் இரண்டு என்று எழுதி, அழித்து, மூன்று என்று எழுதி வைத்திருக்கிறேன். எல்லா ஹேட்சையும் அன்று பசை போட்டு மூடித் தொலைத்திருக்கிறேன். பிளேடு வைத்துத் திறக்கப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
முதல் மேசைக்காரன்